தெற்கு பிரான்ஸ் கடற்கரை: நீஸ், மொனாக்கோவை விட்டா வேற என்ன இருக்கு?

லாச்சப்பல்_தம்பி

வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் இருக்கிறது பரிஸுக்குக் கிட்ட, லா கூர்னேவில. யூலை கடைசியில அஞ்சு நாள் லீவு கிடைச்சிருக்கு, தெற்குப் பக்கம் கடலுக்குப் போவம் எண்டு யோசிக்கிறம். மனிசி, ரெண்டு பிள்ளையள் (11, 7), அம்மாவும் வாறா. அம்மாவுக்கு 68, முழங்கால் நோ, கனதூரம் நடக்கமாட்டா. விட்டுட்டுப் போனா பிறகு ஒரு மாசத்துக்குக் கதை கேக்கோணும்.

போனமுறை நீஸ் போய் அந்தக் கடற்கரை றோட்டில மேலும் கீழும் நடந்து, மொனாக்கோவில ஆற்றையோ காருகளுக்கு முன்னால நிண்டு படம் எடுத்துக்கொண்டு வந்ததுதான். மகன் கேக்கிறான், அப்பா நாங்கள் கார் பாக்கப் போனமா கடல் பாக்கப் போனமா எண்டு. இந்தமுறை குகை, தீவு, பறவை, மலை எதெண்டாலும் சரி, ஆக்கள் குறைவா இருந்தா நல்லம். போய்வந்த ஆக்கள் சொல்லுங்கோ.

கணக்குப்புள்ள

ஜூலை கடைசில "ஆக்கள் குறைவா". நல்லா காமெடி பண்றீங்க ப்ரோ 😂

சோபியா_கோடர்

நான் ஆன்டீப் பக்கத்துல இருக்கேன், சோபியா அன்டிபொலிஸ்ல வேலை, வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஊரு திருநெல்வேலி, அதனால வெயில் பத்தி எனக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம், ஆனா ஜூலை ஆகஸ்ட்ல இந்தப் பக்கம் வெயில விட பெரிய தொல்லை பார்க்கிங்தான், காலைல ஒன்பது மணிக்கு மேல கடற்கரை கிட்ட வண்டிய நிறுத்த இடமே கிடைக்காது, சுத்திச் சுத்தி வந்து குழந்தைங்க பின்னாடி அழ ஆரம்பிச்சு கடைசில வீட்டுக்கே திரும்பின நாளெல்லாம் உண்டு.

அதனால என் முதல் அட்வைஸ், காரை விடுங்க, ரயில்ல போங்க. இந்தக் கோஸ்ட்ல ரயில் கடலை ஒட்டியே ஓடுது. சான் ரஃபாயேல்லேர்ந்து கான் போற லோக்கல் டி.இ.ஆர். ரயில்ல கடல் பக்கம் ஜன்னல் சீட் பிடிச்சுக்கங்க. ஒரு பக்கம் எஸ்தெரெல் மலை, ரத்தச் சிவப்பு கலர் பாறை, அது பழைய எரிமலைக் கல்லு, 25 கோடி வருஷம் பழசு. இந்தப் பக்கம் கடல் நீலமும் பச்சையுமா. நடுவுல பைன் மரம். யாரோ கலர் பென்சில் டப்பாவைக் கொட்டின மாதிரி இருக்கும். அகே, லெ ட்ரயாஸ்னு குட்டிக் குட்டி ஸ்டேஷன், எங்க வேணா இறங்கலாம், அடுத்த ரயில் எப்பன்னு மட்டும் பாத்துட்டு இறங்குங்க.

இன்னொண்ணு கான்லேர்ந்து லெரான் தீவுகள். ஃபெரில கால் மணி, இருபது நிமிஷம். ரெண்டு தீவு. சன்ட் மார்கரித்ல இரும்பு முகமூடி போட்ட கைதியை அடைச்சு வச்ச கோட்டை இருக்கு, அவன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் அடிச்சுக்கறாங்க. அதே தீவுக்கிட்ட 2021ல கடலுக்கு அடியில ஆறு பெரிய முகச் சிலையை இறக்கியிருக்காங்க, ஜேசன் டிகெய்ர்ஸ் டெய்லர்ங்கற சிற்பி செஞ்சது. மூணு டு அஞ்சு மீட்டர் ஆழம்தான், ஒரு ஸ்நார்க்கல் கண்ணாடி இருந்தா மேல மிதந்துகிட்டே பாக்கலாம், டிக்கெட் எல்லாம் இல்ல. உங்க பெரியவனுக்கு நீச்சல் தெரிஞ்சா இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். பக்கத்துத் தீவு சன்ட் ஒனொரா, அஞ்சாம் நூற்றாண்டுலயே துறவிங்க வந்து தங்கின இடம், இப்பவும் இருக்காங்க, திராட்சை போட்டு வைன் பண்றாங்க. அம்மாவுக்கு அங்க நிழல்ல உக்கார இடம் நிறைய.

மார்சேய்_மச்சான்

தம்பி நீஸ் பக்கமே போகாதை. மார்சேய்க்கு வா. நான் இங்க 14 வருசம், ரெஸ்ரோறன்ற் குசினியில நிக்கிறன், திங்கள் மட்டும்தான் லீவு, அந்தத் திங்களில காலடி வைக்காத கலாங்க் இல்லை எண்டு சொல்லலாம்.

கலாங்க் எண்டா தெரியாத ஆக்களுக்கு: மார்சேய்க்கும் கஸ்ஸிக்கும் இடையில வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மலை நேரா கடலுக்குள்ள இறங்குது. அதுக்கிடையில விரல் விட்டமாதிரி கடல் உள்ள வந்து நிக்கிற ஒடுக்கமான குடாக்கள்தான் கலாங்க். 2012ல தேசியப் பூங்கா ஆக்கினவை. தண்ணி கண்ணாடி மாதிரி, வள்ளம் நிண்டா அதின்ர நிழல் அடியில தெரியும்.

கஸ்ஸி துறைமுகத்தில இருந்து போர் மியூவுக்கு அரை மணித்தியாலம் நடை, அதுக்கங்கால போர் பான், அங்க சின்னக் கடற்கரை இருக்கு, பிள்ளையளுக்குச் சரி. அதுக்கும் அங்கால ஓன் வோ. அதுதான் எல்லாத்திலயும் வடிவு, ஆனா கடைசி இறக்கம் செங்குத்து, கல்லெல்லாம் ஆக்கள் மிதிச்சு மிதிச்சு வழுக்கும், அம்மாவும் ஏழு வயசுப் பிள்ளையும் எண்டா யோசிக்கவே வேண்டாம். அம்மாவுக்கு கஸ்ஸியில வள்ளம் இருக்கு, மூண்டு கலாங்க், அஞ்சு கலாங்க் எண்டு சுத்திக் காட்டுவினம். ஓன் வோவை கடலில இருந்து பாத்தாலும் காணும்.

பிறகு ஒண்டு. கஸ்ஸி ஸ்ரேசன் ஊருக்குள்ள இல்லை, துறைமுகத்துக்கு மூண்டு கிலோமீற்றருக்கு மேல. பஸ் இருக்கு. நடந்து போனா போகேக்க இறக்கம், வரேக்க அப்பன் ஆத்தையை எல்லாம் கூப்பிடுவாய்.

உப்புக்காத்து

மச்சான் அண்ணா, யூலைன்னு சொல்றாங்க, நெருப்பு விஷயத்தை விட்டுட்டீங்களே.

ஜூன்லேர்ந்து செப்டம்பர் முடியற வரைக்கும் கலாங்க் மலைக்குள்ள போக முடியுமா முடியாதான்னு ஒவ்வொரு நாளும் காத்தும் வறட்சியும் பாத்து முடிவு பண்ணுவாங்க, முதல் நாள் சாயந்தரம்தான் தெரியும். சிவப்புன்னு போட்டா அன்னிக்கு நடைபாதை மூடிடும். பாரிஸ்லேர்ந்து டிக்கெட் போட்டு வந்து வாசல்ல நின்னு திரும்பிப் போனவங்க எத்தனை பேர். அந்தப் பைன் மரமெல்லாம் பிசின் நிறைஞ்சது, ஒரு பீடி நெருப்பு போதும். சிகரெட் பிடிச்சா அபராதம்.

சூஜித்தோன் கலாங்க்குக்கு 2022லேர்ந்து வெயில் காலத்துல முன்பதிவு வச்சிட்டாங்க, ஒரு நாளைக்கு 400 பேர்தான். காசு கிடையாது, ஆனா ஃபோன்ல அந்த QR கோடு இல்லேன்னா விடமாட்டாங்க. அதுக்கு முன்னாடி சீசன்ல ரெண்டாயிரம் பேருக்கு மேல ஒரே நாள்ல இறங்கியிருக்காங்க, மண்ணு அரிச்சு மரத்து வேரெல்லாம் அந்தரத்துல தொங்குது. நானே பாத்திருக்கேன்.

நேரா சொல்றேன் தம்பி, அம்மா, குழந்தைங்க, ஆக்கள் குறைவு, இது மூணும் வேணும்னா ஜூலை வேண்டாம். துசான் ஸ்கூல் லீவுல, அக்டோபர் கடைசில வாங்க. கடல் அப்பவும் குளிக்கற மாதிரிதான் இருக்கும், கோடை பூரா வாங்கின சூட்டை மெதுவாத்தான் விடும்.

கணக்குப்புள்ள

அக்டோபர்ல வந்தா மழை. இந்தப் பக்கம் இலையுதிர் கால மழை சும்மா தூறல் இல்ல, ஒரு ராத்திரில ரெண்டு மாச மழை கொட்டும். 2015 அக்டோபர்ல கான் பக்கம் என்ன ஆச்சுன்னு தெரியும்ல, அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்ல வண்டி எடுக்கப் போனவங்க செத்தாங்க. 2020 அக்டோபர்ல அலெக்ஸ் புயல் வந்து வெசுபி, ரோயா பள்ளத்தாக்கு ரோடையே காணாம அடிச்சிட்டுப் போச்சு. எல்லாத்தையும் சேத்துச் சொல்லுங்க மேடம்.

உப்புக்காத்து

கணக்குப்புள்ள சொல்றது சரி. ஆரஞ்சு, சிவப்பு மழை எச்சரிக்கை வந்தா அன்னிக்கு ஆத்துப்பக்கம், பள்ளத்துப்பக்கம் போகக்கூடாது, மியூசியம் போங்க, வீட்ல படுத்துத் தூங்குங்க. ஆனா அஞ்சு நாள்ல அஞ்சு நாளும் மழை பெய்யாது. ஜூலைல அஞ்சு நாளும் கூட்டம் இருக்கும். அதுதான் வித்தியாசம்.

புதுவை_பெரியவர்

எல்லோருக்கும் வணக்கம். நான் புதுச்சேரியில் பிறந்தவன், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஃப்ரெஜுஸில் குடியிருக்கிறேன், வயது எழுபத்தி மூன்று. டைப் அடிப்பது மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகாத இடம் ஒன்று இருக்கிறது. மல்பாசே அணை. ரேரான் என்று ஒரு சின்ன ஆறு, வெயிலில் காலை நனைக்கக்கூடத் தண்ணீர் இருக்காது. அதன் குறுக்கே 66 மீட்டர் உயரத்துக்கு வளைவான கான்கிரீட் அணை கட்டினார்கள், ஓடு மாதிரி மெல்லிசு. 1959 டிசம்பர் 2ம் தேதி, இரவு ஒன்பதே கால், பல நாள் மழைக்குப் பிறகு உடைந்தது. அணையில் கோளாறு இல்லை, இடது கரையில் அது சாய்ந்திருந்த பாறை உள்ளே பிளவுபட்டிருந்தது, தண்ணீர் புகுந்து அழுத்தியதும் பாறையோடு பெயர்ந்துவிட்டது. 423 பேர் இறந்தார்கள். தண்ணீர் ஃப்ரெஜுஸைத் தாண்டிக் கடல் வரை போனது.

இப்போது அங்கே நடந்து போகலாம், பாதை கஷ்டமில்லை. வீடு அளவுக்குக் கான்கிரீட் துண்டுகள் ஆற்றுப் படுகையில் கிடக்கின்றன, அவற்றின் நடுவே அரளிப் பூ பூத்திருக்கும். மேலே வலது கரையில் அணையின் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு ரிவியெரா கடற்கரையைப் பார்த்தால் மனசுக்கு வேறு மாதிரி இருக்கும். நான் வருஷத்துக்கு ஒரு முறை போய் வருகிறேன், ஏன் என்று என் மனைவிக்கே தெரியாது.

எஸ்தெரெலில் த்ராமோன் முனையையும் பாருங்கள். 1944 ஆகஸ்ட் 15ல் அமெரிக்கப் படை இறங்கிய கரைகளில் ஒன்று. எதிரே சின்னச் சிவப்புத் தீவு, அதில் ஒரு கோபுரம். துறைமுகத்தில் இருந்து ஒரு சுற்று நடந்தால் ஒன்றரை மணி நேரம். அம்மாவுக்கு எதிரிலேயே பெஞ்சு இருக்கிறது.

சோபியா_கோடர்

ஐயா ஆறு வருஷமா இங்க இருக்கேன், மல்பாசே பேரை ஹைவே போர்டுல கூட கவனிச்சதில்ல. இந்த வாரக் கடைசில போறேன்.

லாச்சப்பல்_தம்பி

எல்லாருக்கும் நன்றி, ஐயாவுக்கு விசேச நன்றி. மனிசியோட கதைச்சன், துசானுக்கு மாத்துவம் எண்டு அவவும் சொல்லுறா (அவவுக்கு உண்மையில ரிக்கெற் விலைதான் காரணம்). இப்ப ரெண்டு கேள்வி. ஒண்டு, மார்சேயில கடலுக்கடியில குகை இருக்காம், ஆதிமனிசன் படம் கீறினதாம், மகன் பள்ளிக்கூடத்தில படிச்சிட்டு வந்து ஒரே நச்சரிப்பு. ரெண்டாவது, ரோசாப்பூ நிறத்தில தண்ணி எண்டு படங்கள் வருகுது, அது எங்க? கொக்கு மாதிரி ரோஸ் பறவையும் நிக்குது.

கணக்குப்புள்ள

பிங்க் தண்ணி எல்லாம் ஃபில்டர் போட்ட படம். நம்பாதீங்க.

உப்புக்காத்து

கணக்குப்புள்ள நீங்க எங்கயாவது போயிருக்கீங்களா இல்ல வீட்ல உக்காந்து எல்லாத்தையும் கழிச்சே பழக்கமா? 😄

நான் மோன்பெலியேல உயிரியல் படிக்கறேன், எக்மோர்த் உப்பளம் எங்களுக்கு அரை மணி தூரம், மாசத்துக்கு ஒரு தடவை போறேன். (பேரைக் கேட்டதும் எங்க அப்பா "எக்மோரா, எழும்பூரா" ன்னு கேட்டார், அங்க வரைக்கும் போயா ரயில் ஏறப்போறேன்னு.) தண்ணி உண்மையிலயே ரோஸ்தான். உப்பு ரொம்ப ஏறின பாத்தில அனேகமா எதுவும் உயிர் வாழாது, துனாலியெல்லான்னு ஒரு நுண்பாசி வாழும், வெயில்லேர்ந்து தன்னைக் காப்பாத்திக்க கேரட்ல இருக்கற அதே நிறப்பொருளை உண்டாக்கும். அந்தப் பாசியைச் சின்ன உப்பு இறால் தின்னும். அந்த இறாலைப் பூநாரை தின்னும். அதனாலதான் பூநாரை ரோஸ். குஞ்சா இருக்கும்போது சாம்பல் நிறம்தான், தின்னுத் தின்னு சில வருஷத்துல நிறம் ஏறும். அப்ப பறவையால தண்ணி சிவக்கல, தண்ணியாலதான் பறவை சிவக்குது.

நிறம் கோடைலதான் உச்சம், அக்டோபர் கடைசில மங்கியிருக்கும், முன்னாடியே சொல்லிடறேன். ஆனா உப்பு மலை இருக்கும், உப்பளத்துக்குள்ள குட்டி ரயில் விடறாங்க, அம்மா நடக்கவே வேண்டாம். பறவைக்கு சன்ட் மாரி பக்கத்துல போன் தெ கோ பறவைப் பூங்கா. பாதை சமதரை. பூநாரை பத்து மீட்டர் தூரத்துல நிக்கும், ஒரு பெரிய கல்யாண வீடு மாதிரி சத்தம்.

சன்ட் மாரி ஊர்க் கோயிலுக்குள்ள கீழ நிலவறைல கறுப்பு ஸாரா சிலை இருக்கு, ஸாரா லா காலின்னு சொல்வாங்க. ரோமா மக்களோட (ஜிப்சின்னு சொல்வாங்களே, அவங்க) தெய்வம் மாதிரி. மே 24ம் தேதி ஐரோப்பா பூராலேர்ந்தும் அவங்க வந்து சிலையைத் தூக்கிக்கிட்டுக் கடலுக்குள்ள போவாங்க. அவங்க மொழில காலின்னா கறுப்பி. மொழியும் முன்னோரும் வட இந்தியாவுலேர்ந்து வந்தது, அதை வச்சு நம்ம காளின்னு உடனே முடிச்சுப் போட்டுடாதீங்க, ஆனா மேல மேலப் போத்தின பட்டுத் துணியும், மெழுகுவத்திச் சூடும், அந்த இருட்டும் பாத்தா நம்ம ஊர் அம்மன் சன்னதிக்குள்ள நின்ன மாதிரிதான் எனக்கு இருந்துச்சு.

கொசு. மறக்காம மருந்து வாங்கிட்டுப் போங்க. இந்த உப்பளம், சதுப்பு நிலப் பக்கம் பூராவும் கமார்க்னு சொல்வாங்க, கமார்க் கொசு ஜீன்ஸைத் தாண்டிக் கடிக்கும்.

புதுவை_பெரியவர்

கமார்க் என்றதும் ஒரு விஷயம். அங்கே சிவப்பு அரிசி விளைகிறது, கடையில் வாங்கலாம். அந்த நெல் வயல்களுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1939ல் யுத்தத் தளவாடத் தொழிற்சாலைகளில் வேலை செய்ய இந்தோசீனாவில் இருந்து சுமார் 20,000 பேரைக் கொண்டுவந்தார்கள், பலரை விருப்பம் கேட்காமலே. பிரான்ஸ் தோற்ற பிறகு ஊருக்குத் திரும்பவும் முடியவில்லை. அவர்களில் சிலரைக் கமார்க்குக்கு அனுப்பி நெல் போடச் சொன்னார்கள், வியட்நாம் விவசாயிகள் அல்லவா, உப்பு மண்ணில் விளைத்துக் காட்டினார்கள். என்னோடு பட்டாளத்தில் இருந்த ஒரு வியட்நாம்காரர் அந்த அரிசியைக் கையில் எடுத்தால் கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

மார்சேய்_மச்சான்

குகைக் கதை நான் சொல்லுறன். கொஸ்கேர் குகை. ஹென்றி கொஸ்கேர் எண்ட சுழியோடி 1985ல கண்டுபிடிச்சவர், 1991லதான் வெளியில சொன்னவர். வாசல் கடலுக்குக் கீழ 37 மீற்றர். அதுக்குள்ளால 175 மீற்றர் இருட்டுச் சுரங்கத்தில நீந்தி ஏறோணும். அந்த வருசமே மூண்டு சுழியோடியள் உள்ளுக்க வழி தவறிச் செத்தவை, பிறகு வாசலை அடைச்சாச்சு.

அப்ப ஆதிமனிசன் எப்பிடி உள்ள போனான் எண்டு உன்ர மகன் கேப்பான், சொல்லிக் குடு: அந்தக் காலம் பனிக்காலம், கடல் இப்ப இருக்கிறதைவிட 120 மீற்றர் அளவில கீழ. கரை கனதூரத்தில. அவன் நடந்துதான் போனவன். 27,000 வருசத்துக்கு முந்தின கை அச்சுகள் இருக்கு, சிலதில விரல் குறைவு. குதிரை, காட்டெருமை, கடல்நாய், பிறகு பென்குயின் மாதிரி ஒரு பறவை, அது 19ம் நூற்றாண்டில பூண்டோட அழிஞ்சுபோச்சு.

உண்மைக் குகைக்கு ஒருத்தரும் போகேலாது, கடல் மட்டம் ஏற ஏற படங்களும் அழியுது. 2022ல மார்சேய் துறைமுகத்துக்குப் பக்கத்தில அச்சு அசல் மாதிரி ஒண்டு செய்து திறந்தவை. சின்ன வண்டில ஏத்தி இருட்டுக்குள்ளால கொண்டுபோய்க் காட்டுவினம். அம்மாவுக்கு நடை இல்லை. நான் மனிசியோட போனன், டூப்ளிக்கேற்றைப் பாக்கக் காசா எண்டு திட்டிக்கொண்டு ஏறினவ, இறங்கேக்க கண் கலங்கி நிண்டவ.

நெத்தலி_88

இழையை இன்னிக்குத்தான் பாக்கறேன். போர்க்ரோல் தீவை யாருமே சொல்லலையே??

சோபியா_கோடர்

சொல்லாம இருந்ததே நல்லதுன்னு நினைச்சேன் 😁 சரி சொல்றேன். ஈயேர் ஊருக்குத் தெக்க ஜியான் முனைலேர்ந்து படகுல இருபது நிமிஷம். தீவுல வெளியாள் கார் கிடையாது, வாடகை சைக்கிள்தான். ஏழு கிலோமீட்டர் நீளம். 1912ல ஃபூர்னியேங்கற ஆளு தீவையே விலைக்கு வாங்கி கல்யாணப் பரிசா பொண்டாட்டிக்குக் குடுத்தாராம், நாங்கல்லாம் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிக் குடுத்துட்டு அலட்டிக்கறோம். 1971ல அரசாங்கம் பெரும்பாதியை வாங்கிச்சு. இப்ப கோடைல ஒரு நாளைக்கு 6,000 பேருக்கு மேல ஏத்தறதில்ல.

நான் பண்ணின தப்பைச் சொல்றேன், நீங்க பண்ணாதீங்க. குழந்தையைப் பின்னாடி ட்ரெய்லர்ல வச்சு இழுத்துக்கிட்டு மத்தியானம் ஒரு மணிக்கு நோத்ர் தாம் கடற்கரைக்குக் கிளம்பினேன், மண் பாதை, மேடு, ஒரு பாட்டில் தண்ணிதான் இருந்துச்சு, ஊரை விட்டா கடை கிடையாதுன்னு யாரும் சொல்லல, கடல் வரும் வரும்னு பாத்தா ஒவ்வொரு வளைவுக்கும் இன்னொரு மேடு. கடைசில கடலைப் பாத்ததும் அழுகை வந்துச்சுன்னு சொன்னா நம்புவீங்களா, அழகுனால இல்ல.

ஜியான் முனையே விசேஷம்தான். அது முன்னாடி தீவு, ரெண்டு மணல் திட்டு பக்கத்துல பக்கத்துல வளந்து கரையோட சேத்துடுச்சு, நடுவுல பழைய உப்பளம். ரோட்ல போகும்போதே பூநாரை தெரியும்.

நெத்தலி_88

கடற்கரைல கறுப்பா பாசி மலை மாதிரி குவிஞ்சு நாறுதே, அதை ஏன் சுத்தம் பண்ண மாட்டேங்கறாங்க?

உப்புக்காத்து

பாசி இல்ல அது, பொசிடோனியா. பூ பூக்கற கடல் புல். மீன் குஞ்செல்லாம் வளர்றது அதுக்குள்ளதான். 1988லேர்ந்து பிரான்ஸ்ல பாதுகாக்கப்பட்ட செடி. இலையுதிர் காலத்துல இலை கொட்டிக் கரையில ஒதுங்கும், அந்தக் குவியல்தான் குளிர்கால அலை மணலை வாரிக்கிட்டுப் போகாம தடுக்குது. நாத்தம் உண்டு, ஒத்துக்கறேன். எங்க வீட்டுக் கருவாட்டுக்கு இது எவ்வளவோ தேவல.

மார்சேய்_மச்சான்

தம்பி போறதுக்கு முதல் காத்தைப் பார். மிஸ்ட்ரால் எண்டது இவையின்ர வாடைக்காத்து, ரோன் ஆத்துப் பள்ளத்தாக்கால இறங்கி வரும். வானம் நீலமா வெளிச்சமா இருக்கும், ஏமாந்திடாதை, நிக்கேலாது. அண்டைக்கு வள்ளமும் ஓடாது.

லாச்சப்பல்_தம்பி

மூண்டு மாசத்துக்குப் பிறகு வாறன், மன்னிக்கோணும். போயிட்டு வந்திட்டம்! மார்சேயில மூண்டு இரவு, சான் ரஃபாயேலில ரெண்டு. கார் மார்சேயில எடுத்தது ஒரு நாளைக்கு மட்டும், மிச்சம் எல்லாம் ரெயின்.

மச்சான் அண்ணை சொன்ன காத்து ரெண்டாம் நாளே வந்திட்டுது. கஸ்ஸிக்குப் போனா வள்ளம் இல்லை எண்டு பலகை போட்டிருக்கு. வானத்தில ஒரு பொட்டு முகில் இல்லை, ஆனா மகளின்ர தொப்பி பறந்து துறைமுகத்துக்குள்ள. அம்மா சொன்னா, இது எங்கட வாடையை விட மோசம், வாடை எண்டாலும் மழையைக் கொண்டுவரும், இது வெறும் கையோட வருது எண்டு. அம்மாவையும் மனிசியையும் துறைமுகத்தில ஒரு கோப்பிக் கடையில இருத்திப்போட்டு நானும் பிள்ளையளும் போர் பான் வரைக்கும் நடந்தம். உள்ளுக்க குடாவில காத்தே இல்லை, தண்ணி அசையாமக் கிடக்கு. எங்களைத் தவிர பத்துப் பேர் இருந்திருப்பினம். மகன் இறங்கிக் குளிச்சான், நான் முழங்காலோட நிப்பாட்டிட்டன். மூண்டு கலாங்கையும் வடிவாப் பாத்தது எங்கட தொப்பி ஒண்டுதான் எண்டு நினைக்கிறன்.

கொஸ்கேர் பற்றி என்னத்தைச் சொல்ல. மகன் வீட்டை வந்து தன்ர கையைக் கடுதாசியில வைச்சு வாயால மையை ஊதி அச்சு எடுக்கிறன் எண்டு சுவரெல்லாம் நாசம். ஒரு விரலை மடிச்சும் வைச்சிருக்கிறான்.

மூண்டாம் நாள்தான் கமார்க். உப்புக்காத்து தங்கச்சி, தண்ணி மங்கல் ரோஸ்தான், நீங்கள் சொன்னது சரி. ஆனா எனக்கு ஞாபகம் நிக்கிறது அது இல்லை. எக்மோர்த்தில அந்தச் சின்ன ரெயின் உப்பு மலைக்கு முன்னால நிண்டது. அம்மாவின்ர ஊர் பரந்தன். சின்னனில ஆனையிறவு உப்பளத்துக்குப் பக்கத்தாலதான் பஸ்ஸில யாழ்ப்பாணம் போறவை. அவ அவ்வளவு நேரமும் ஒண்டும் கதைக்காம இருந்தவ, அந்த வெள்ளை மலையைக் கண்டோடன இறங்கோணும் எண்டா. முழங்கால் எண்டு சொன்னன், கேக்கேல்லை. இறங்கி, கரையில கிடந்த ஒரு கல்லை எடுத்து நாக்கில வைச்சுப் பாத்திட்டு, "எங்கட உப்பு இதைவிடக் கரிப்பு" எண்டா. அதுக்குப் பிறகு அங்கால பூநாரையைக் காட்டி, உது எங்கட பக்கமும் மாரியில வாறதுதானே, உதைப் பாக்கவோ இவ்வளவு காசு குடுத்து வந்தனீங்கள் எண்டு பேச்சு. பேசிப் பேசி ஒரு மணித்தியாலம் அதையே பாத்துக்கொண்டு நிண்டவ.

வீட்டை ரெண்டு கிலோ உப்பு வந்திருக்கு. மீன் குழம்புக்கு வேற உப்பே இப்ப போடுறதில்லை, கரிப்புக் குறைவு எண்டு சொல்லிச் சொல்லியே போடுறா.

எஸ்தெரெல் ரெயின் சோபியா தம்பி சொன்ன மாதிரியேதான். லெ ட்ரயாஸில இறங்கி அடுத்த ரெயினைப் பாக்க மறந்திட்டம், ஒண்டரை மணித்தியாலம் ஸ்ரேசனில. புட்டுக் கட்டிக்கொண்டு போனது அங்கதான் முடிஞ்சுது.

கணக்குப்புள்ள

மொத்தம் எவ்ளோ ஆச்சு ப்ரோ?

லாச்சப்பல்_தம்பி

மனிசி இந்த இழையை வாசிக்கிறா, இங்க எழுதேலாது 🙏

உப்புக்காத்து

அம்மா கரிப்புக் குறைவுன்னு சொன்னது சும்மா இல்ல. இங்க கடையில மேலாப்புல படியற பூ உப்பு நிறைய விக்கறாங்க, ஈரமும் மென்மையுமா இருக்கும், அதான் நாக்குல அடிக்காது. கல் உப்பா வாங்கியிருந்தா அம்மா பாஸ் போட்டிருப்பாங்க.

புதுவை_பெரியவர்

தம்பி, படிக்கவே சந்தோஷமாக இருந்தது. மல்பாசே போனீர்களா?

லாச்சப்பல்_தம்பி

இல்லை ஐயா. கடைசி நாள் அங்க போறதெண்டுதான் வைச்சிருந்தம், விடிய எழும்பினா மழை எச்சரிக்கை, ஆறு பள்ளம் பக்கம் போகவேண்டாம் எண்டு ஃபோனில வந்திட்டுது. இந்த இழையில வாசிச்ச எல்லாத்துக்கும் பிறகு அந்த ஆத்துக்குள்ள மழையில இறங்க எனக்கு மனம் வரேல்லை. ஹொட்டேல் யன்னலால கடலைப் பாத்துக்கொண்டு இருந்தம். பாஸ்க் (ஈஸ்ரர்) லீவுக்கு திரும்ப வருவம், வந்தா உங்களோட சேந்து நடக்கலாமோ?

புதுவை_பெரியவர்

போகாதது நல்லது. வாருங்கள். ஏப்ரலில் மிமோசாப் பூ முடிந்திருக்கும், ஆனால் படுகையில் கொஞ்சம் தண்ணீர் ஓடும். அம்மாவையும் கூட்டி வாருங்கள், என் மனைவி அவரோடு இருப்பாள், நாம் நடந்துவிட்டு வருவோம். நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

சோபியா_கோடர்

நானும் வரேன் ஐயா. அந்த வாரக் கடைசில போறேன்னு சொன்னவன் இன்னும் போகல.